+91-க்குப் பிறகு பூஜ்யம் வேண்டாம்: வெளிநாட்டு போன் நம்பரை எழுதுவதும் டயல் செய்வதும்

சென்னை லேண்ட்லைனின் எஸ்டிடி கோடு 044. பிரிட்டனின் நாட்டுக் குறியீடு 44. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துப் பகுதிக் குறியீடு மறுபடியும் 044. மூன்று இடங்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டும் இருக்கிறார்கள். '044-ல ஆரம்பிக்கிற நம்பர்' என்று மட்டும் சொன்னால் அது எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கோயில் அறிவிப்பு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என்று எங்கே பார்த்தாலும் நம்பர்கள் இப்படிப் பாதி எழுதிய நிலையில்தான் இருக்கின்றன. உள்ளூரில் வேலை செய்யும், கடல் தாண்டினால் கை விரித்துவிடும். சரியாக எழுதக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும் என்பதால்தான் இந்தப் பதிவு.

வெளிநாட்டுக்கு டயல் செய்யும்போது மூன்று துண்டுகளை வரிசையாகப் போடுகிறோம். முதல் துண்டு, நாம் நிற்கும் நாட்டை விட்டு வெளியே போவதற்கான எண். இந்தியாவில் அது 00. இலங்கை, மலேசியா, வளைகுடா நாடுகள், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எல்லாவற்றிலும் 00 தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 011. ஆஸ்திரேலியாவில் 0011. ஜப்பானில் 010. சிங்கப்பூரில் 001, 002, 008 என்று எந்த நிறுவனத்தின் வழியாகப் பேசுகிறோமோ அதற்கேற்ப மாறும். இரண்டாவது துண்டு, போய்ச் சேர வேண்டிய நாட்டின் குறியீடு: இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 971, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சேர்த்து 1. மூன்றாவது, அந்த நாட்டுக்குள் இருக்கும் நம்பர்.

இதில் முதல் துண்டு கூப்பிடுகிறவருக்குச் சொந்தம். மற்ற இரண்டும்தான் கூப்பிடப்படுகிறவருக்குச் சொந்தம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் நம்பரை நீங்கள் எழுதிக் கொடுக்கும்போது, கூப்பிடப் போகிறவர் எந்த நாட்டில் நிற்பார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் முதல் துண்டை நீங்கள் எழுதவே கூடாது. அதன் இடத்தில் போடுவதற்குத்தான் + இருக்கிறது. 'நீ எங்கே இருக்கிறாயோ அங்கே வெளியே போக எது வழியோ அதைப் போட்டுக்கொள்' என்பது அதன் பொருள். செல்போனில் + போட்டு டயல் செய்தால் அந்த வேலையை நெட்வொர்க்கே செய்துவிடும்.

இலங்கை நம்பர்களை '0094 77...' என்றும், நம் ஊர் நம்பர்களை '0091...' என்றும் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ கூப்பிடுகிறவருக்கு அது வேலை செய்யும். டொரண்டோவில் இருக்கும் மகள் அதை அப்படியே அழுத்தினால் போகாது. அங்கே 00 என்பது வெளிநாட்டுக்கான வழி இல்லை. மெல்பர்னிலும் அதே கதை. +94, +91 என்று எழுதியிருந்தால் எங்கிருந்தும் போகும்.

அடுத்து பூஜ்யம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. 044, 0422, 021, 077 என்பவற்றின் முன்னால் நிற்கும் 0 நம்பரின் பகுதி அல்ல. 'நாட்டுக்குள்ளேயே வெளியூருக்குப் போகிறேன்' என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் அடையாளம் அது. நாட்டுக் குறியீடு போட்டுவிட்டால் அதற்கு வேலை இல்லை, எடுத்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தின் 021 வெளியிலிருந்து +94 21 ஆகும். கோயம்புத்தூரின் 0422 வெளியிலிருந்து +91 422. துபாய் மொபைல் 050 என்றால் +971 50. சூரிச்சின் 044, +41 44. சில நெட்வொர்க்குகள் தவறாகப் போட்ட பூஜ்யத்தைத் தாமே கழித்துவிட்டு இணைத்துவிடுகின்றன. அதனால்தான் 'எனக்கு +91 போட்டு 0 போட்டாலும் போகுதே' என்று சிலர் வாதாடுகிறார்கள். அவர்களுக்குப் போகும். அதே நம்பரை வேறு நாட்டில் வேறு சிம்மில் இருப்பவர் அழுத்தினால் 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வரும்.

இந்தியாவில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடியிருக்கிறது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட முன்னால் 0 கட்டாயம் ஆனது. அதைப் பார்த்துச் செல் நம்பரையே 098... என்று அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 0 லேண்ட்லைன்காரர் அழுத்திக்கொள்ள வேண்டியது. விசிட்டிங் கார்டில் அதற்கு இடமில்லை.

பூஜ்யத்தைக் கழிக்கும் விதிக்கு ஒரு பெரிய விதிவிலக்கு இத்தாலி. அங்கே லேண்ட்லைனின் 0 நம்பரோடு சேர்ந்தது. ரோம் நகரம் +39 06 தான், 0-வை எடுத்தால் போகாது. வாடிகனும் நடைமுறையில் அதே +39 06-க்குள்தான் வருகிறது. இத்தாலி மொபைல்கள் 3-ல் தொடங்கும், அவற்றுக்குப் பூஜ்யமே கிடையாது. சிங்கப்பூர், நார்வே, டென்மார்க், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றில் எஸ்டிடி கோடும் இல்லை, முன் பூஜ்யமும் இல்லை. எட்டு இலக்கம், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 0-வுக்குப் பதில் உள்நாட்டு நெடுந்தொலைவுக்கு 1 அழுத்துகிறார்கள். நாட்டுக் குறியீடும் அதே 1 என்பது தற்செயல். ரஷ்யாவில் அந்த வேலையை 8 செய்கிறது, ஹங்கேரியில் 06.

ஒரு நம்பரை எடுத்து முழுசாகப் பார்ப்போம். 020 7946 0123 என்ற லண்டன் எண். (சினிமாவிலும் நாடகத்திலும் காட்டுவதற்கென்றே பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் ஒதுக்கி வைத்திருக்கும் வரிசை இது. யாரையும் தொந்தரவு செய்யாது.) லண்டனின் பழைய வகை லேண்ட்லைனிலிருந்து கூப்பிட 7946 0123 போதும். பிரிட்டனின் வேறு ஊரிலிருந்து 020 7946 0123. இந்தியாவின் லேண்ட்லைனிலிருந்து 00 44 20 7946 0123. அமெரிக்க லேண்ட்லைனிலிருந்து 011 44 20 7946 0123. ஆஸ்திரேலியாவிலிருந்து 0011 44 20 7946 0123. எழுத வேண்டிய வடிவம் ஒன்றே ஒன்று: +44 20 7946 0123.

பிரிட்டன் கம்பெனிகளின் லெட்டர்ஹெட்டில் இதை '+44 (0)20 7946 0123' என்று எழுதுவார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், உள்ளூர்க்காரருக்கு 0-வை ஞாபகப்படுத்த. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர் அடைப்புக்குள் இருக்கும் 0-வையும் சேர்த்தே அழுத்துகிறார். போனும் அந்த நம்பரைத் தொட்டால் அடைப்பை மட்டும் கழற்றிவிட்டு 0-வை வைத்துக்கொள்ளலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ தன் இ.123 பரிந்துரையில் இந்த வடிவத்தை ஏற்பதில்லை. இரண்டையும் காட்டியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வரியாக எழுதுங்கள்: உள்நாட்டில் 020..., வெளிநாட்டிலிருந்து +44 20....

இப்போது சென்னைக்கு வருவோம். 044 2××× ×××× என்று ஒரு லேண்ட்லைன். பூஜ்யத்தை எடுத்து + போட வேண்டும் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டவர் அதை +44 2××× ×××× என்று சேவ் செய்துவிடுவார். 91 எங்கே? அந்த அழைப்பு சென்னைப் பக்கம் தலைகூட வைக்காது. பிரிட்டனுக்குப் போய், இலக்கம் போதாமல் அங்கேயே அறுந்துவிடும். சரியான வடிவம் +91 44 2××× ××××.

கொழும்பின் 011 இதைவிடப் பெரிய சங்கடம். வட அமெரிக்காவில் வெளிநாட்டுக்கான எண்ணும் 011 தான். கொழும்பு நிறுவனம் ஒன்றின் எண் 011 25× ×××× என்று போர்டில் இருக்கிறது என்று வையுங்கள். டொரண்டோ லேண்ட்லைனில் அதை அப்படியே அழுத்தினால், 011 வெளியே போகும் வழியாக எடுத்துக்கொள்ளப்படும். அடுத்து வரும் மூன்று இலக்கம் 254 என்றால் அது கென்யா, 255 என்றால் தான்சானியா, 256 என்றால் உகாண்டா. சரியாக அழுத்த வேண்டியது 011 94 11 25× ××××. '011 ஏற்கெனவே போட்டாச்சே, இன்னொரு 11 எதற்கு' என்று இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். முதலாவது கனடாவை விட்டு வெளியேற, இரண்டாவது கொழும்பைக் குறிக்க. இரண்டும் வேண்டும். (மலேசியாவில் 011 ஒரு மொபைல் வரிசை. அங்கே அது +60 11 ஆகும், அதன் பிறகு எட்டு இலக்கம் வரும்.)

மூன்றாவது சிக்கல் சிங்கப்பூர். இது சத்தமில்லாமல் நடப்பதால் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் நம்பர் எட்டு இலக்கம், நாட்டுக் குறியீடு 65. + இல்லாமல் '65 9××× ××××' என்று எழுதினால் மொத்தம் பத்து இலக்கம். இந்திய மொபைல் எண்களும் பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்குபவை. ஆகவே தமிழ்நாட்டில் இருக்கும் போனுக்கு அது சிங்கப்பூர் நம்பராகத் தெரியாது, 659-ல் தொடங்கும் இந்திய மொபைலாகவே தெரியும். தவறு என்று எந்த அறிவிப்பும் வராது. அப்படி ஒரு எண் இங்கே புழக்கத்தில் இருந்தால் யாரோ ஒருவர் எடுத்து 'ஹலோ' என்பார். பினாங்கு லேண்ட்லைனும் (60 4, பிறகு ஏழு இலக்கம்) இதே மாதிரி பத்தில் முடிகிறது. 65-க்கு முன்னால் + இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு சேவ் செய்யுங்கள்.

நம்பர் சரியா என்று பார்க்க எளிய வழி, நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு வரும் இலக்கங்களை எண்ணுவது. இந்தியாவுக்கு எப்போதும் பத்து. செல்போனுக்கும் பத்து, லேண்ட்லைனுக்கும் எஸ்டிடி கோடு சேர்த்துப் பத்து: சென்னை 44 கூட்டல் எட்டு, மதுரை 452 கூட்டல் ஏழு, தஞ்சாவூர் 4362 கூட்டல் ஆறு. ஒன்று கூடினால் பெரும்பாலும் ஒரு பூஜ்யம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்று குறைந்தால் எழுதும்போது எங்கோ விழுந்திருக்கிறது. இலங்கைக்கு ஒன்பது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா மூன்றுக்கும் ஒன்பது. அமெரிக்கா, கனடாவுக்குப் பத்து. பிரிட்டனுக்குப் பெரும்பாலும் பத்து. அமீரகத்தில் மொபைலுக்கு ஒன்பது, லேண்ட்லைனுக்கு எட்டு. ஜெர்மனியில் மட்டும் எண்ணிப் பயனில்லை, அங்கே நீளம் ஊருக்கு ஊர் மாறும். எந்த நாடானாலும் குறியீட்டையும் சேர்த்து 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐடியூவின் இ.164 பரிந்துரை வகுத்த எல்லை.

மிஸ்டு கால் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கவும் குறியீடு உதவும். முதல் இலக்கம் ஏறக்குறைய கண்டத்தைச் சொல்லிவிடும்: 2 பெரும்பாலும் ஆப்பிரிக்கா, 3-ம் 4-ம் ஐரோப்பா, 5 தென், மத்திய அமெரிக்கா, 6 தென்கிழக்கு ஆசியாவும் ஓசியானியாவும், 7 ரஷ்யாவும் கசகஸ்தானும், 8 கிழக்கு ஆசியா, 9 இந்தியா, இலங்கை, வளைகுடா உள்ளிட்ட மீதி ஆசியா. +1 என்றால் அமெரிக்கா என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஜமைக்கா போன்ற கரீபியன் தீவுகள் பலவும் அதே +1-க்குள்தான் இருக்கின்றன, அங்கே திரும்பக் கூப்பிட்டால் கட்டணம் வேறு. தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

எழுதும் முறைக்கு வருவோம். +, உடனே நாட்டுக் குறியீடு, ஓர் இடைவெளி, பிறகு மீதி. நடுவில் பிரிப்பதற்கு இடைவெளி மட்டும் போதும். சிறுகோடு, புள்ளி, அடைப்பு எதுவும் வேண்டாம். எங்கே இடைவெளி விடுவது என்பது அந்தந்த ஊர்ப் பழக்கம்: நம் செல் நம்பரை ஐந்து ஐந்தாகவும், பிரான்ஸ்காரர்கள் இரண்டிரண்டாகவும், இலங்கையில் 77 ××× ×××× என்றும் பிரிப்பார்கள். இயந்திரத்துக்கு இடைவெளி ஒரு பொருட்டே அல்ல, அது படிக்கிற கண்ணுக்காக. லண்டன் நம்பரை 0207 என்று பிரித்து எழுதுவது மட்டும் தவறு. பகுதிக் குறியீடு 020 தான், 7 அந்த எண்ணைச் சேர்ந்தது.

'2××× ××01/02' என்று சாய்கோடு போட்டு இரண்டு நம்பரை ஒன்றாக அடைப்பதை விட்டுவிடுங்கள். செல்போனில் தொட்டு அழைக்கும்போது அது தவறான எண்ணாகத்தான் போகும். இரண்டையும் முழுதாக எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன் இருந்தால் எண்ணுக்குப் பிறகு தனியாகக் குறிப்பிடுங்கள். சேவ் செய்யும்போது முழு எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் போன் சுமார் இரண்டு வினாடி நின்றுவிட்டு அதை அழுத்தும். ஐபோன் கீபேடில் நட்சத்திரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் காற்புள்ளி வரும்.

+ எங்கே என்று தேடுபவர்களுக்கு: ஸ்மார்ட்போனில் 0-வை அழுத்திப் பிடியுங்கள். பழைய பட்டன் போன்கள் பலவற்றில் நட்சத்திரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டும். லேண்ட்லைனில் + கிடையாது, 00 தான். அதற்கு முன் இணைப்பில் ஐஎஸ்டி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல இணைப்புகளில் அது பூட்டித்தான் இருக்கும். நம்பரை அழுத்திய பிறகு சில வினாடி அமைதியாக இருப்பதும் சகஜம். உடனே வைத்துவிடாமல் கொஞ்சம் காத்திருங்கள்.

காண்டாக்ட் லிஸ்டில் உள்ளூர் நம்பர்களையும் +91 போட்டே சேவ் செய்யச் சொல்வேன். 'அப்படிக் கூப்பிட்டால் ஐஎஸ்டி காசு பிடிப்பானோ' என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பிடிக்க மாட்டார்கள். கட்டணம் அழைப்பு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது, எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்தது அல்ல. பலன் ரோமிங்கில் தெரியும். இந்திய சிம்மோடு துபாயில் இறங்கி, வெறும் பத்து இலக்கமாக சேவ் செய்த நம்பரை அழைத்தால், அங்குள்ள நெட்வொர்க் அதை அந்த ஊர் எண்ணாக எடுத்துக்கொண்டு தடுமாறும். +91 இருந்தால் தடுமாற்றம் இல்லை. வாட்ஸ்அப்பும் அப்படித்தான்: வெளிநாட்டு நண்பரின் எண்ணை + இல்லாமல் சேவ் செய்தால் அவர் வாட்ஸ்அப்பில் இருந்தும் காட்டாது. அரட்டையை நேரே திறக்கும் வாட்ஸ்அப் லிங்க் தயாரிப்பதாக இருந்தால் மட்டும் + வேண்டாம். நாட்டுக் குறியீட்டிலிருந்து தொடங்கி வெறும் இலக்கங்களை ஒட்டி எழுத வேண்டும், அங்கேயும் உள்நாட்டுப் பூஜ்யம் கூடாது.

இன்னொரு இடம் எக்ஸெல். உறுப்பினர் பட்டியலோ அழைப்பிதழ் பட்டியலோ போடுகிறவர்கள் இங்கேதான் நம்பர்களை மொத்தமாகத் தொலைக்கிறார்கள். போன் நம்பரை எக்ஸெல் கணக்கு எண்ணாகப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் 0-வைத் தின்றுவிடும், +ஐயும் தின்றுவிடும். 91 சேர்ந்த நம்பர் பன்னிரண்டு இலக்கம் என்பதால் அதை 9.19E+11 என்று அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாக சேமித்தால் காட்டியது மட்டும்தான் எழுதப்படும், மீதி இலக்கங்கள் திரும்பி வராது. தட்டத் தொடங்கும் முன்பே நம்பர் போடும் நெடுவரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு எண்தான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதும்.

ஆன்லைன் படிவங்களில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி தனியாக இருந்தால், அடுத்த பெட்டியில் நாட்டுக் குறியீடும் வேண்டாம், 0-வும் வேண்டாம். இரண்டு இடத்திலும் 91 போட்டால் 9191 என்று பதிவாகி ஓடிபி வராது. எல்லாம் சரியாக இருந்தும் 'தவறான எண்' என்று வந்தால், வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினீர்களா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்குறி ஒன்று கூடவே வந்திருக்கலாம். அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

கடைசியாக, 1800-லும் 1860-லும் தொடங்கும் வாடிக்கையாளர் சேவை எண்கள். இவை உள்நாட்டுக்கானவை. முன்னால் +91 போட்டாலும் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் இணையாது. வங்கி கார்டு தொலைந்தது தெரிய வரும் நேரத்தில்தான் அந்த எண் தேவைப்படும். வங்கிகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று சாதாரண லேண்ட்லைன் எண் ஒன்றையும் தருகின்றன. கார்டின் பின்புறமோ வங்கியின் இணையதளமோ பார்த்து, +91-ல் தொடங்கும் அந்த எண்ணை விமானம் ஏறும் முன்பே போனில் சேவ் செய்துகொள்ளுங்கள். போனும் சேர்ந்து தொலையலாம் என்பதால் ஒரு தாளிலும் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.